தழும்பில் கட்டி என்று ஒருத்தி வந்தால்

அன்பு மருமகளே,

தாணேயில் நர்ஸிங் படிக்கும் நீ இனி ஓ.பி.யிலும் பிரசவ வார்டிலும் நிற்கப்போகிறாய். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் நம் பெண்கள், தமிழ் கேட்டதும் உன்னிடம்தான் மனம் திறப்பார்கள். அவர்களில் ஒருத்தி, சிசேரியன் ஆகிச் சில வருடம் கழித்து, தழும்பின் ஓரத்தில் கட்டி என்று வரலாம்.

கருப்பையின் உட்சவ்வுதான் மாதந்தோறும் தடித்து உதிரமாகக் கழிகிறது. சிசேரியனின்போது அதன் செல்கள் சில வயிற்றுச் சுவரின் வெட்டில் ஒட்டிக்கொண்டால், சினைப்பையின் ஹார்மோனுக்கு அங்கேயும் வளரும். விலக்கு நாளில் அங்கேயும் கசியும். வெளியேற வழியில்லாத இரத்தம் தோலுக்கடியில் தேங்கி, வீங்கி, வலிக்கிறது. இதுதான் தழும்பு எண்டோமெட்ரியோசிஸ். 10,000 சிசேரியனில் 3 முதல் 40 பேருக்கு வருவதாகச் சொல்கிறார்கள். அபூர்வம்தான். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மகாராஷ்டிரத்தில் 100 பிரசவத்தில் 25, தமிழ்நாட்டில் 45 சிசேரியன். அபூர்வமும் இனி உன் கண்ணில் படும்.

இதைக் குடலிறக்கம் என்பார்கள், சீழ்க்கட்டி என்பார்கள், தையல் நூல் உறுத்துகிறது என்பார்கள். ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றித் தின்றே வருடங்களைக் கழித்த பெண்கள் உண்டு. அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. "தூரமாகும்போது அதிகம் வலிக்கிறதா?" என்று யாராவது கேட்டிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். ஆண் டாக்டர் முன்னால் அவர்களாக அதைச் சொல்லமாட்டார்கள். தலைப்பிரசவத்துக்குத் திருநெல்வேலி போய் வந்தவளின் ஆபரேஷன் காகிதம் தாய்வீட்டுப் பெட்டியில் கிடக்கும். வயிற்றில் கத்தி வைத்த விவரத்தையும் நீதான் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று மறக்காதே: எல்லோருக்கும் தேதி பார்த்து வலிப்பதில்லை. எப்போதும் வலிக்கிறது என்றாலும் இந்தச் சந்தேகத்தைக் கைவிடக் கூடாது.

அல்ட்ராசவுண்ட் கட்டியைக் காட்டும். ஆழம் தெரிய எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். மாத்திரையும் ஊசியும் வலியைத் தணிக்கும், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். தீர்வு அறுவைசிகிச்சைதான். கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நல்ல சதையும் சேர்த்து எடுக்க வேண்டும். மிச்சம் விட்டால் மறுபடி வளரும். தசையுறையில் பெரிய ஓட்டை விழுந்தால் வலை வைத்துத் தைப்பார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆகவேண்டும். புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. பயந்து அழுகிறவளிடம் அதைச் சொல்.

சிசேரியன் தியேட்டரில் நிற்கும் நாளில், கருப்பையைத் தைத்த ஊசியை வயிற்றுச் சுவர் தைக்க நீட்டாதே, புது ஊசி கொடு. மூடுமுன் வெட்டைச் சலைனால் கழுவச் சொல்கிறவர்களும் உண்டு. இவை இந்தக் கட்டியை நிச்சயம் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை. செய்வதால் கெடுதல் ஒன்றுமில்லை.

தழும்பில் கட்டி என்று வருகிறவளிடம் கடைசி விலக்குத் தேதியையும் வலி வந்த தேதியையும் கேட்டு, ஓ.பி. சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி டாக்டர் கையில் கொடு.

அன்புடன்,
அத்தை