ஏவுகணைக்கு ஈடாக எரிபொருள்

கேள்வி: பழைய ஏவுகணைகளை எந்த நாடாவது தானாக முன்வந்து அழிக்குமா?

பதில்: சும்மா அழிக்காது, பேரம் படிய வேண்டும். சோவியத் யூனியன் உடைந்தபோது உக்ரைன் கையில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் 176 இருந்தன, பராமரிக்கக் காசில்லை. 1994 ஜனவரியில் மாஸ்கோவில் அமெரிக்க அதிபர் கிளின்டன், ரஷ்ய அதிபர் யெல்ட்சின், உக்ரைன் அதிபர் கிராவ்சுக் மூவரும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். ஏவுகணைகளில் இருந்த அணுகுண்டுகள் ரஷ்யாவுக்கு, ஈடாக உக்ரைனின் அணுமின் உலைகளுக்கு எரிபொருள். ஏவுதளங்களை உடைக்கப் பெரும்பகுதிப் பணம் அமெரிக்காவுடையது.

1996 ஜூனில் உக்ரைனின் பெர்வோமைஸ்க் ஏவுதளத்தில் மூன்று நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர்களும் சூரியகாந்தி நட்டார்கள். புகைப்படக்காரர்களுக்கு நல்ல வேட்டை! நிஜமான தலைவலி, அந்த ஏவுகணைகளில் ஒரு வகையான எஸ்எஸ்-24இன் திட எரிபொருள்தான். திரவமென்றால் உறிஞ்சி எடுத்துவிடலாம். இதுவோ உறைக்குள் இறுகிக் கிடப்பது. உக்ரைனின் பாவ்லோஹ்ராத் ஆலையில் அதை அகற்றும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது. அணுகுண்டுகளைக் கைவிடும் பேரத்தில் உக்ரைனுக்குத் தந்த, அதன் எல்லைகளை மதிப்போம் என்ற வாக்குறுதியை 2014இல் கிரிமியாவில் ரஷ்யாவே மீறியது.