தழும்பு விழாத எலி

வெல்டிங் வைத்த இடம் மேடாய்த் தெரியும் அல்லவா? நம் தழும்பும் அப்படித்தான். புண் ஒட்டும், மயிர் முளைக்காது, வியர்வைச் சுரப்பியும் வராது.

எலிக் குடும்பத்தில் அகோமிஸ் என்ற முள்மயிர் எலி உண்டு. பிடித்தால் தோலை விட்டுவிட்டு ஓடிவிடும்! கென்யாவில் இதை ஆராய்ந்த ஆஷ்லி சைஃபெர்ட் குழுவினர் 2012-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: காதில் போட்ட 4 மில்லிமீட்டர் ஓட்டை, குருத்தெலும்பும் மயிருமாக மூடிக்கொண்டது. சாதாரண சுண்டெலிக்கு மூடவில்லை. அகோமிஸ் புண்ணில் கொலாஜன் நார் இறுகாமல் இளக்கமாகப் படிகிறதாம்.

கரும்பு வெட்டும் என் அப்பாவுக்கு அரிவாள் தழும்பால் இரண்டு விரல் நிமிராது. வீட்டில் முதலில் படிக்க வந்த நான் இதைச் சொன்னதும் கேட்டார்: "எலிக்கு முடியும்னா மனுசனுக்கு ஏன்டா முடியாது?"

விஞ்ஞானிகள் கேட்பதும் அதே கேள்விதான்.