மெதுவாக ஓடுவதற்கு ஒரு கருவி

அன்புள்ள தம்பிக்கு,

பெசன்ட் நகர் கடற்கரையில் காலை ஐந்து மணி பேட்ச் தொடங்கிவிட்டாய் என்று படித்ததில் சந்தோஷம். வருகிறவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தொட்ட ஐடி ஆட்கள், ஆளுக்கொரு ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிறார்கள், ஆளுக்கொரு இதயத்துடிப்பு எண்ணைக் காட்டி விளக்கம் கேட்கிறார்கள், எந்த மாடல் வாங்கச் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறாய். மாடல் பேச்சு பிறகு. இதை எதற்கு வாங்குகிறோம் என்பதை முதலில் அவர்களிடம் சொல்லிவிடு: மெதுவாக ஓடுவதற்கு. வேகமாக ஓட யாருக்கும் கருவி வேண்டாம். பக்கத்தில் ஒருத்தர் முந்தினாலே போதும், கால் தானாகப் பறக்கும். புதிதாக வருகிறவர்கள் ஈசி ரன் நாளிலும் மூச்சிரைக்க ஓடி, மூன்றாவது மாதம் முழங்கால் வலியோடு காணாமல் போகிறார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தத்தான் இந்த எண்.

கடையில் இருப்பவை முக்கியமாக இரண்டு வகை. நெஞ்சில் கட்டும் ஸ்ட்ராப், இதயத்தின் மின் துடிப்பை நேராகப் பிடிக்கிறது. மணிக்கட்டு வாட்ச் அடியில் பச்சை விளக்கை எரித்து, தோலுக்குக் கீழே ரத்தம் ஏறி இறங்கும்போது திரும்பி வரும் வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்துக் கணக்குப் போடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லும். ஓட ஆரம்பித்தால்தான் வம்பு. நிமிடத்துக்கு 160, 170 அடி வைத்து ஓடுகிறவரின் கையில் சற்றே லூசாகக் கிடக்கும் வாட்ச், அந்தக் காலடித் தாளத்தையே இதயத்துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஆள் ஆபீஸ் அரசியலைச் சிரித்துப் பேசிக்கொண்டே ஓடுவார். வாட்சில் 168 அசையாமல் நிற்கும். அப்படி ஒருவரைப் பார்த்தால் உடனே நிறுத்து. தொண்டைக்குப் பக்கத்தில், ஒரு பக்கம் மட்டும், இரண்டு விரலை லேசாக வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கு. நின்ற அடுத்த நொடியே எண்ணத் தொடங்க வேண்டும், தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். 34 வந்தால் 136. வாட்ச் சொன்னது எங்கே, இது எங்கே!

வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல்கடை மேலே தள்ளி இறுக்கிக் கட்டினால் பாதித் தொல்லை தீரும். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் வெளிச்சம் ஏமாறும். காசைப் போட்டு வாங்கத் தயாராக இருப்பவருக்கு நான் ஸ்ட்ராப்பைத்தான் சொல்வேன். விலை உயர்ந்த வாட்ச் இல்லாமல் போனிலேயே அதை இணைத்துக்கொள்ளலாம். ப்ளூடூத், ஆன்ட் பிளஸ் என்ற இரண்டு இணைப்பு வசதிகளும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கச் சொல். பிராண்டுக்காக மல்லுக்கட்ட வேண்டாம். பின்லாந்தின் கெம்பெலேயில் 1977இல் பிறந்த போலார்தான் 1982இல் கம்பியில்லாத கருவியை முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று கார்மின், வாஹூ என்று யார் ஸ்ட்ராப்பை வாங்கினாலும் நம் வேலைக்குப் போதும். கட்டுவதற்கு முன் உள்பக்கப் பட்டையைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். உலர்ந்த பட்டை முதல் பத்து நிமிடம் கண்டபடி எண் காட்டும். ஓடி முடித்ததும் நடுவில் இருக்கும் சென்சாரைக் கழற்றிவிட்டுப் பட்டையை அலச வேண்டும். கழற்றாமல் விட்டால் வியர்வை ஈரத்தில் அது யாரோ கட்டியிருப்பதாக நினைத்து விழித்தே கிடந்து பட்டன் செல்லைத் தின்றுவிடும். பேட்ச்சில் பெண்கள் பலருக்கு ஸ்போர்ட்ஸ் பிராவோடு ஸ்ட்ராப் உறுத்தும். மேல்கையில் கட்டும் ஆப்டிகல் பட்டை அவர்களுக்குத் தோதானது. அது மணிக்கட்டு அளவுக்கு ஆடாது.

இனி ஜோன் கணக்கு, அதாவது துடிப்பைச் சதவீதத்தை வைத்து 1, 2 என்று படிகளாகப் பிரிப்பது. வாட்ச்சுக்குப் பிறந்த தேதியைக் கொடுத்ததும் அது 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பு என்று எழுதிக்கொள்ளும். அந்தக் கணக்கு 1971இல் பாக்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் அப்போது கையில் இருந்த பல்வேறு ஆய்வுத் தகவல்களின் ஊடாகப் போட்ட ஒரு தோராயக் கோடு. 2001இல் தனாகா குழுவினர் 351 ஆய்வுகளைத் திரட்டி, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழி என்றார்கள். நாற்பது வயதில் இரண்டும் 180தான். அறுபதில் முதல் கணக்கு 160 என்கிறது, இரண்டாவது 166 என்கிறது. ஆனால் எந்தச் சூத்திரமானாலும் தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியோ அப்படியோ தள்ளிப்போவது சர்வசாதாரணம். வயதை மட்டும் கேட்டு ஜோன் போடுவது, வயதைக் கேட்டு செருப்பு சைஸ் சொல்வது மாதிரி.

இதைவிடப் பெரிய குழப்பம் சதவீதத்தில் இருக்கிறது. உச்சம் 180, காலையில் எழுந்ததும் துடிப்பு 70 என்று வை. உச்சத்தில் 60 சதவீதம் 108. நம்மவர்களில் பலருக்கு அது வேக நடை. மார்ட்டி கார்வோனென் 1957இல் காட்டிய வழியில் 180க்கும் 70க்கும் உள்ள வித்தியாசமான 110இல் 60 சதவீதம் எடுத்து, 70ஐக் கூட்டினால் 136. ஒரே "60 சதவீதம்", நடுவில் 28 துடிப்பு. ஒருவர் யூடியூபில் கேட்ட சதவீதமும் அவர் வாட்ச்சில் இருக்கும் சதவீதமும் ஒரே வகையா என்று செட்டிங்ஸைத் திறந்து பார்க்காமல் ஜோன் 2 என்று வாயைத் திறக்காதே. நான் கார்வோனென் கணக்கைத்தான் வைத்துக்கொள்கிறேன், அதையும் பேச்சோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறேன். ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறவரை ஈசி ரன்தான். வாக்கியம் உடையும் இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று நாலைந்து காலை குறித்து வைத்தால் அவரவர் எல்லை தெரிந்துவிடும். சூத்திரத்தோடு அது ஒத்துப்போகாவிட்டால் சூத்திரத்தைத் தூக்கிப் போடு.

அடுத்து நம்ம ஊர் வெயில். கருவியோடு வரும் கையேடுகளில் மே மாத மெட்ராஸ் கிடையாது. சூரியன் வருவதற்கு முன்பே கசகசப்பு. வியர்வை காயாது, உடம்பு சூட்டை இறக்கத் தோலுக்கு ரத்தத்தைத் திருப்பும். வியர்த்துக் கொட்டுவதில் ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறையும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால், அதை ஈடுகட்டக் கூடுதலாகத் துடிக்கும். அதே வேகத்தில் ஓடினாலும் ஒரு மணி நேரக் கடைசியில் பத்துப் பதினைந்து துடிப்பு ஏறியிருக்கும். லாங் ரன்னில் எண்ணைப் பிடித்துக்கொண்டு வேகத்தை விட்டுக்கொடுக்கச் சொல். டிசம்பரில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் ஓடியவர் மே மாதம் ஏழேகாலுக்கு இறங்குவார். ஸ்ட்ராவா ஆப்பில் போட வெட்கப்படுவார். வெட்கப்படட்டும்.

முப்பது விநாடி, ஒரு நிமிட இன்டர்வெல் ஓடும் நாளில் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். துடிப்பு பின்தங்கித்தான் ஏறும். அது மேலே வருவதற்குள் ஓட்டம் முடிந்திருக்கும். ஸ்டாப்வாட்ச் போதும்.

காலையில் கண் விழித்ததும், காபிக்கு முன், படுத்தபடியே துடிப்பைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் எல்லோருக்கும் கொண்டு வா. வழக்கமான எண்ணைவிட எட்டுப் பத்து கூடியிருந்தால் தூக்கம் கெட்டிருக்கலாம், காய்ச்சல் வரப்போவதாகவும் இருக்கலாம். அன்று கடுமையான ஓட்டத்தை ரத்து செய்.

கடைசியாக, சேர்க்கைப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்: பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பெயர் என்ன? அட்டினோலால், மெட்டோப்ரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் எடுப்பவரின் துடிப்பு அவ்வளவாக மேலே ஏறாது. மாத்திரை பிடித்து வைத்திருக்கும். வாட்ச் 115 காட்டும்போதே அவர் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கலாம். அவருக்கு ஜோன் கணக்கு எதுவும் போடாதே. பேச்சை வைத்தே ஓட விடு, எவ்வளவு வரை போகலாம் என்று அவர் டாக்டரிடம் கேட்டு வரச் சொல். யாராவது நெஞ்சு இறுக்குகிறது, இடது கை கனக்கிறது என்றால், வாட்ச் நார்மல் என்று காட்டினாலும் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி 108ஐக் கூப்பிடு.

அன்புடன்,
அண்ணன்