திரிசூலக் குன்றில் ஒரு நாள்

மலை என்றதும் உதகையும் கொடைக்கானலும் நம் நினைவில் எழுகின்றன. சென்னை மாநகரின் தெற்கு விளிம்பில் பரங்கிமலை முதல் பல்லாவரம் வரை நிற்கும் குன்றுகளை எவரும் மலையாக மதிப்பதில்லை. தாம்பரம் மின்தொடரில் நாள்தோறும் கல்லூரிக்கு வரும் நானும் மதித்ததில்லை. அக்குறை சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில் நீங்கியது. புவியியல் மாணவர் பன்னிருவர், ஆசிரியருடன் திரிசூலம் நிலையத்தில் இறங்கினோம்.

குன்றின் மேற்பரப்பு பழுப்பேறிக் கிடந்தது. ஆசிரியர் உடைந்த கல்லொன்றை எடுத்துத் தந்தார். உட்புறம் நீலம் கலந்த கருமை. எண்ணெய் தடவினாற் போன்ற மினுமினுப்பு. நம் ஊர்க் கொத்தர்களுக்கு இது கருங்கல், பாடநூலில் சார்னோக்கைட். குவார்ட்சு, ஃபெல்சுபார் ஆகியவற்றுடன் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் இதில் உண்டு. நிலத்தடியில் இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. மேலிருந்த பாறையெல்லாம் யுகயுகமாகத் தேய்ந்து போன பின்னரே இது வெயிலைக் கண்டது. இத்துணைக் கடிய கல்லைத்தான் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் பல்லாவரத்தில் குடைந்து, தன் பட்டப்பெயர்களைப் பொறித்தான். அக்குடைவரை இன்று தர்காவாக விளங்குகிறது.

பெயர் வந்த கதை சுவையானது. கல்கத்தாவில் ஜோப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு இப்பகுதிக் கல் சென்றது. அக்கல்லறைக் கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்ற அறிஞர் 1893-இல் அவர் பெயரையே பாறைக்கு இட்டார். கல்கத்தாவை நிறுவியவர் என நாம் படித்த அப்பெருமையைச் சார்னோக்குக்குத் தர இயலாது என 2003-இல் அந்நகர உயர்நீதிமன்றமே கூறிவிட்டது. பாறையின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

இறங்கும்போது, முனை கூர்ந்த கல்லொன்று என் காலில் இடறியது. கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்துவிட்டதாகவே எண்ணி ஓடினேன். எண்ணியதில் வியப்பில்லை, 1863 மே 30 அன்று இராபர்ட் புரூசு ஃபூட் இந்தியப் பழைய கற்கால ஆய்வைத் தொடங்கி வைத்த கருவியைக் கண்டது இதே பல்லாவரத்தில்தான். ஆசிரியர் என் கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, ஃபூட் கண்டது குவார்ட்சைட், இது சார்னோக்கைட். குவாரிச் சம்மட்டி தெறித்த சில்லு” என்றார். நண்பர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் ஒலிக்கிறது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னது என்னை நிறுத்தியது. ஃபூட்டின் கருவியும் சரளைக்காகத் தோண்டிய குழியிலிருந்தே கிடைத்ததாம். எவரும் தோண்டாதிருந்தால் அது மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும்.

அப்பால் கைவிடப்பட்ட கல்குவாரி. செங்குத்தாக அறுந்த சுவர். அடியில் பச்சை நீர். பாறையின் உண்மை நிறத்தையும் வெடிப்புகளையும் காண இதைவிட நல்ல இடமில்லை என்று ஆசிரியர் எங்களைக் கரையில் அமர்த்தி வரையச் சொன்னார். கற்பதற்கு உகந்த இடம், மலை அழிந்த இடமாகவே இருக்கிறதே என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. “அளவு தப்பாமல் வரை” என்றார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். இளமையில் அங்கு ஜல்லி உடைத்தவராம். குழியின் மேல், குன்றின் பழைய உச்சி இருந்திருக்கக்கூடிய இடத்தைப் புள்ளிக் கோட்டால் நான் காட்டியிருந்தேன்.

“இல்ல தம்பி, இன்னும் மேல” என்றார். அழித்து வரைந்தேன். தலையசைத்து, “இன்னும் கொஞ்சம் மேல” என்றார். தாளில் இடமில்லை.