குதிரையின் கழுத்து மணி

புதுச்சேரிக்கு அருகில் வில்லியனூர் இருக்கிறது. சுடுமண் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே ஒரு தாயும் மகளும் வாழ்ந்தார்கள். தாய் களிமண்ணில் குதிரை செய்வார். குதிரையின் கழுத்தில் மணிமாலை இருக்கும். முதுகில் பூ வேலை இருக்கும். எல்லாம் அவர் கையால் செய்தவை.

பெங்களூர்க் கடைக்காரர் ஒருவர் குதிரையின் படம் கேட்டார். "படம் பார்த்துப் பிடித்தால் வாங்குவேன்" என்றார்.

மகள் டிஜிட்டல் கேமரா ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். இரவில், குழல் விளக்கு வெளிச்சத்தில் படம் எடுத்தாள். உடனே அனுப்பினாள்.

மறுநாள் பதில் வந்தது. "படத்தில் வேலைப்பாடே தெரியவில்லை. வேறு நல்ல படம் இருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்."

தாயின் முகம் வாடியது. "பத்து நாள் உழைத்தேனே! மணி ஒன்றுகூடப் படத்தில் இல்லையே!" என்றார்.

ஊரில் திருமணப் படம் எடுப்பவர் ஒருவர் இருந்தார். மகள் கேமராவுடன் அவரிடம் போனாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதில் இரண்டு குறைகள் இருக்கின்றன, அம்மா. ஒன்று, குதிரையின் ஓரம் கலங்கி இருக்கிறது. அது கை அசைந்ததால் வந்தது. மற்றொன்று, படம் முழுவதும் மணல் தூவியது போலப் புள்ளிகள். அது ஒளி போதாததால் வந்தது" என்றார்.

"கேமராவை நான் ஒன்றும் செய்யவில்லையே, அண்ணா?"

"நீ செய்யவில்லை. கேமரா தானாகவே செய்தது. அறையில் ஒளி குறைவு. அதனால் ஒளி உள்ளே வரும் நேரத்தைக் கூட்டியது. ஒரு நொடியில் 15-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தது. அதற்குள் உன் கை அசைந்துவிட்டது. அந்த ஒளியும் போதவில்லை. ஆகவே ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணை 3200-க்கு ஏற்றியது."

"ஐ.எஸ்.ஓ. என்றால் என்ன?"

"திருவிழாவில் ஒலிபெருக்கி வைப்பார்கள் அல்லவா? பேசுபவர் குரல் மெலிந்தால் சத்தத்தைக் கூட்டுவார்கள். குரலோடு இரைச்சலும் கூடும். இதுவும் அப்படித்தான். குறைந்த ஒளியைப் பெருக்கினால் புள்ளிகளும் பெருகித் தெரியும்."

"அப்படியானால் எண்ணை 100 ஆக்கிவிடலாமே?"

"ஆக்கலாம். ஆனால் 3200 என்பது 100-ஐப்போல 32 மடங்கு. ஆகவே ஒளிக்கு 32 மடங்கு நேரம் கொடுக்க வேண்டும். இதே அறையில் 2 நொடிக்கு மேல் ஆகும். 2 நொடி உன் கை அசையாமல் இருக்குமா?"

"இருக்காது, அண்ணா."

"கையில் பிடிக்காதே. முக்காலியில் வை. முக்காலி இல்லையா? மேசைமேல் அரிசிப் பையை வைத்து, அதன்மேல் கேமராவை வை. பொம்மை அசையாது. கேமராவும் அசையாமல் இருந்தால் போதும். இரவில் எடுக்காதே. பகலில் சன்னல் ஓரம் எடு."

மறுநாள் காலையில் மகள் சன்னல் அருகே குதிரையை வைத்தாள். ஒளி பக்கவாட்டில் விழுந்தது. மணிகளின் மேடு பள்ளம் தெரிந்தது. மறுபக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினாள். இருண்ட பக்கமும் சற்று வெளுத்தது. ஃபிளாஷை அணைத்தாள். லென்ஸை மென்மையான துணியால் துடைத்தாள்.

ஐ.எஸ்.ஓ.வை 100-ல் வைத்தாள். லென்ஸ் துளையை எஃப் 8-ல் வைத்தாள். துளை சிறிதானால் குதிரையின் முன்னும் பின்னும் தெளிவாக இருக்கும். நேரம், நொடியில் 8-ல் ஒரு பங்கு வந்தது. பொத்தானைப் பாதி அழுத்திக் கழுத்து மணியில் குறி வைத்தாள். பொத்தானை அழுத்தும்போதும் கேமரா ஆடும். எனவே 2 நொடி கழித்துத் தானே படம் எடுக்கும்படி வைத்தாள்.

தாய் படத்தைப் பார்த்தார். "என் விரல் ரேகைகூடத் தெரிகிறதே!" என்று வியந்தார். மறுகணம் உற்றுப் பார்த்தார். "காதில் மெல்லிய விரிசல் இருக்கிறது. இதை அனுப்பாதே. வேறு குதிரையை எடு" என்றார்.

வேறு குதிரையின் படம் பெங்களூர் போயிற்று. "முதலில் 20 குதிரைகள் அனுப்புங்கள்" என்று பதில் வந்தது.

அன்று மாலை பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடி வந்தது. மகள் கேமராவை எடுத்தாள். குழந்தை அசையாமல் நிற்குமா? நேரத்தை நொடியில் 250-ல் ஒரு பங்காகக் குறைத்தாள். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினாள். கொஞ்சம் புள்ளி வந்தது. ஆனால் சிரிப்பு கலங்கவில்லை.

நினைவில் கொள்வோம்

1. முதலில் நல்ல ஒளியைத் தேடுவோம்.
2. அசையாத பொருள் என்றால், கேமராவையும் அசையாமல் வைப்போம். ஐ.எஸ்.ஓ. எண்ணைக் குறைப்போம்.
3. அசையும் பொருள் என்றால், நேரத்தைக் குறைப்போம். கொஞ்சம் புள்ளி வந்தாலும் பரவாயில்லை. கலங்கிய படத்தைச் சரிசெய்வது கடினம்.

பதில் சொல்லுங்கள்

1. முதல் படத்தில் இருந்த இரண்டு குறைகள் யாவை?
2. வெள்ளைத் தாளை ஏன் நிறுத்தினாள்?
3. விரிசல் விழுந்த குதிரையின் படத்தைத் தாய் ஏன் அனுப்பவில்லை? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?