குழாய்த் தண்ணீர் 28 பாகை: வீட்டில் படச்சுருள் கழுவுவது எப்படி?

மாணவர்களே, கறுப்பு வெள்ளைப் படச்சுருளை வீட்டிலேயே கழுவிப் பார்க்க ஆசையா? முதலில் ஒரு சிறு சோதனை. குழாய்த் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து, அதில் வெப்பமானியை வையுங்கள். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அது பெரும்பாலும் 28 பாகை செல்சியஸை ஒட்டியே காட்டும். ஆனால், படச்சுருள் தயாரிப்பாளர்கள் தரும் கழுவும் நேரம் பொதுவாக 20 பாகைக்கு உரியது. இந்த 8 பாகை வேறுபாட்டை மறந்தால் 36 படங்களும் கெட்டுப்போகலாம். ஒருமுறை கழுவிய சுருளை மறுபடியும் கழுவ முடியாது.

எந்தச் சுருளை வாங்குவது?

பெட்டியில் உள்ள ஐஎஸ்ஓ எண்ணைப் பாருங்கள். எண் இரண்டு மடங்கானால், பாதி ஒளியே போதும். பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நண்பகல் வெயிலில் படம் எடுக்க, இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் போன்ற 125 சுருள் ஏற்றது. கோயில் மண்டபத்திலும் மாலை நேரக் கடைவீதியிலும் எடுக்க, எச்பி5 பிளஸ் அல்லது கோடக் டிரை-எக்ஸ் போன்ற 400 சுருள் வேண்டும். வேகமான சுருளில் வெள்ளி உப்பின் படிகங்கள் பெரியவை. அதனால் படத்தில் மணிமணியான புள்ளிகள் சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

பெட்டியில் 'சி-41' என்றிருந்தால் வாங்காதீர்கள். அது வண்ணப்படச் சுருளைக் கழுவும் முறைக்கு உரியது. வெயிலில் நிற்கும் காருக்குள் சுருளை விட்டுவைக்காதீர்கள்; வெப்பம் அதைக் கெடுக்கும்.

சுருளுக்குள் என்ன நடக்கிறது?

சுருளின் மேல் ஜெலட்டின் பூச்சு உண்டு. அதில் வெள்ளி புரோமைடு படிகங்கள் பதிந்துள்ளன. ஒளி பட்ட படிகத்தில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் உருவாகின்றன. அவை கண்ணுக்குத் தெரியா. டெவலப்பர் அந்தப் படிகங்களுக்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்து, வெள்ளி அயனிகளை வெள்ளியாக மாற்றுகிறது. அதாவது வெள்ளி அயனி ஒடுக்கமடைகிறது, டெவலப்பர் ஆக்சிஜனேற்றமடைகிறது. படிவம் 5 வேதியியலில் நீங்கள் படிக்கும் அதே வினைதான் இது.

ஒளி படாத படிகங்களை ஃபிக்சர் கரைத்து நீக்குகிறது. ஃபிக்சரில் உள்ள தயோசல்பேட்டுக்கு இந்தத் திறன் இருப்பதை 1819இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்தார்.

வெப்பமும் நேரமும்

வெப்பநிலை கூடினால் வினைவேகம் கூடும் என்பது படிவம் 4 பாடம். கழுவும்போது அதை இப்படிக் கணக்கிடலாம்: 3 பாகை கூடினால், நேரம் ஏறத்தாழ முக்கால் பங்காகும்.

எச்பி5 பிளஸ் சுருளுக்கு, நீர் கலக்காத ஐடி-11 டெவலப்பரில் 20 பாகையில் ஏழரை நிமிடம். 23 பாகையில் அது ஐந்தரை நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். 26 பாகையில் நாலேகால் நிமிடம்தான். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் டெவலப்பர் சுருளெங்கும் சீராகப் பரவுவது கடினம். படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

இதற்கு வழி உண்டு. டெவலப்பருடன் சம அளவு நீரைக் கலந்தால், 20 பாகையில் 13 நிமிடம் தேவைப்படும். 23 பாகையில் 9¾ நிமிடம். 26 பாகையில் எவ்வளவு? நீங்களே கணக்கிடுங்கள்.

23 பாகைக்குக் குளிர்விப்பதும் எளிதுதான். டெவலப்பர், ஃபிக்சர், அலசும் நீர் ஆகிய புட்டிகளை ஒரே வாளி நீரில் வைத்து, வாளியில் ஐஸ் கட்டிகளைப் போடுங்கள். டெவலப்பருக்குள் ஐஸ் போடக்கூடாது. அதன் செறிவு மாறிவிடும். ஒரு கரைசலுக்கும் அடுத்ததற்கும் வெப்பநிலை மிகவும் வேறுபட்டால் ஜெலட்டின் சுருங்கி வெடிப்பு விழும்.

கழுவும் வரிசை

1. முழு இருட்டில் சுருளை ரீலில் சுற்றி டேங்கில் வைத்து மூடுங்கள். சிவப்பு விளக்கும் கூடாது. இச்சுருள் சிவப்பொளியையும் உணரும். பழைய சுருளொன்றை வைத்து வெளிச்சத்தில் முதலில் பழகுங்கள்.
2. டெவலப்பரை ஊற்றி, முதல் 10 வினாடியில் டேங்கை நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அப்படியே செய்யுங்கள்.
3. நேரம் முடிந்ததும் டெவலப்பரைக் கொட்டிவிட்டு, வினையை நிறுத்தும் அமிலக் கரைசலை 10 வினாடி ஊற்றுங்கள்.
4. அடுத்து ஃபிக்சர். எவ்வளவு நேரம்? முன்கூட்டியே சுருளின் நுனித் துண்டை வெளிச்சத்தில் ஃபிக்சரில் போட்டுப் பாருங்கள். அது தெளிவாக எடுக்கும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு போதும்.
5. டேங்கில் நீர் நிரப்பி 5 முறை, புது நீரில் 10 முறை, மறுபடியும் புது நீரில் 20 முறை கவிழ்த்து அலசுங்கள். தண்ணீர்த் தடை உள்ள நாளிலும் இம்முறை கைகொடுக்கும்.
6. தூசியில்லாத குளியலறையில் தொங்கவிட்டு உலர்த்துங்கள்.

கையுறை அணியுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பயன்படுத்திய பாத்திரத்தைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.

பயன்படுத்திய ஃபிக்சர்

அதில் கரைந்த வெள்ளி இருக்கிறது. அது நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில், புகைப்பட வேதிக் கழிவுக்கு 'எஸ்டபிள்யூ 423' என்ற குறியீடே உண்டு. ஆகவே கால்வாயில் ஊற்றாமல் பெயரொட்டிய புட்டியில் சேமியுங்கள். படம் கழுவித் தரும் கடையில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று: ஒவ்வொரு சுருளுக்கும் தேதி, வெப்பநிலை, நேரம் மூன்றையும் குறித்து வையுங்கள். முதல் சுருள் கறுத்துப் போனாலும், எங்கே தவறினோம் என்பதை அந்தக் குறிப்பேடு காட்டிவிடும்.