உழவர் குடும்பங்களை நம்பி ஒரு கடை: தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சுற்றுவட்டாரக் குடும்பங்கள் விளைவிக்கும் அரிசி, காய், கீரை, முட்டை, செக்கெண்ணெய் ஆகியவற்றை விற்கும் சிறு கடைகள் தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் வந்துவிட்டன. நல்ல எண்ணத்தோடு தொடங்குகிறவர்கள் பலர். ஆனால் சரக்கு வீணாகியோ பணம் முடங்கியோ தடுமாறிவிடுகிறார்கள். இந்தத் தொழிலில் கடைக்காரர் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுக்கிறார்: விளைவித்தவருக்குச் சொன்ன நாளில் பணம், வாங்குகிறவருக்குச் சொன்னபடி பொருள். இந்த இரண்டும் தவறாதபடி கடையை அமைத்துக்கொள்வதுதான் முழு வேலையும்.

இடம் பார்க்கும் முன் ஆள் பாருங்கள்

கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் குடும்பங்களைப் போய்ப் பாருங்கள். என்ன விளைகிறது, எந்த மாதம், வீட்டுக்கு எடுத்தது போக எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டுப் பன்னிரண்டு மாத அட்டவணை போடுங்கள். தை, மாசியில் சம்பா நெல் வரும். சித்திரை, வைகாசியில் மாம்பழம் குவியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய் வரத்து குறையும். காலியாக நிற்கும் மாதங்களை அட்டவணையே காட்டிவிடும்.

முக்கியமான ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு குடும்பங்களாவது வேண்டும். சிறுகீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். எல்லாரும் ஒரே வாரத்தில் விதைத்தால் ஒரே நாளில் குவியும். வாரம் விட்டு வாரம் விதைக்கப் பேசிவைத்தால் கடையில் என்றும் கீரை இருக்கும்.

அடக்கவிலையைச் சரியாகப் போடுங்கள்

நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 60 முதல் 65 கிலோ அரிசிதான் கிடைக்கும். கிலோ 30 ரூபாய்க்கு நெல் வாங்கி, அறுபது கிலோ அரிசி கண்டால், ஒரு கிலோ அரிசி 50 ரூபாய் ஆகிவிடுகிறது. அரவைக்கூலி, வண்டி வாடகை, சாக்கு எல்லாம் அதற்கு மேல். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி போன்ற ரகங்களை ஆசையாக வாங்கிக் குறைந்த விலை போட்டுவிட்டுப் பலர் தவிப்பது இந்தக் கணக்கைப் பார்க்காததால்தான்.

காய்கறிக்குக் கழிவையும் சேருங்கள். பத்து கிலோ தக்காளி 300 ரூபாய் என்றால், ஒரு கிலோ அழுகிப்போனதும் மீதியின் அடக்கம் கிலோ 33 ரூபாயைத் தாண்டுகிறது. 80 ரூபாய் சரக்கை 100 ரூபாய்க்கு விற்றால் விற்பனையில் லாபம் 20 சதவீதம்தான். வாடகையும் கூலியும் மின்கட்டணமும் அதற்குள் அடங்க வேண்டும்.

விலை பேசும் முறை

1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் தினமும் விலைப் பலகை வைக்கிறார்கள். இரு தரப்புக்கும் அது பொதுவான அளவுகோல். அதோடு ஒரு தரைவிலையும் உச்சவிலையும் பேசிக்கொள்ளுங்கள். சந்தை விழுந்தாலும் பறிப்புக்கூலியும் வண்டி வாடகையும் விளைவித்தவர் கையில் நிற்கும்படி நீங்கள் கொடுக்க வேண்டும். சந்தை ஏறும்போது பேசிய உச்சத்துக்குள் அவர் உங்களுக்குத் தர வேண்டும். விலை, அளவு, தரம், பணம் தரும் நாள் நான்கையும் ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீணாவதைக் குறையுங்கள்

வாடிக்கையாளர்களிடம் முந்தின நாள் மாலையே வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, அந்த அளவுக்கே கீரை பறிக்கச் சொல்லுங்கள். முன்பணம் பெற்று வாரக் காய்கறிப் பை கொடுப்பதும் நல்ல வழி. அரிசியை மொத்தமாக அரைத்து அடுக்காதீர்கள். நெல்லாகவே வைத்திருந்து மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்தால் வண்டுத் தொல்லை குறையும்.

சட்டத்தில் தவறவிடக் கூடாதவை

உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வாங்கி, 14 இலக்க எண்ணைக் கடையில் தெரியும்படி வையுங்கள். தராசுக்கு முத்திரை வேண்டும். மின்னணுத் தராசென்றால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பொட்டலம் போட்டால் எடை, அதிகபட்ச சில்லறை விலை, தேதி, தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் முகவரி எல்லாம் அச்சிட வேண்டும். செக்கெண்ணெயைக் கேனிலிருந்து அளந்து ஊற்றாமல், அடைத்து முத்திரையிட்ட பாட்டிலிலேயே விற்றுவிடுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடையில், பெயரிட்டு அடைத்த 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி உண்டு. மூட்டையிலிருந்து அளந்து விற்கும் அரிசிக்குக் கிடையாது.

‘ஆர்கானிக்’ என்று எழுதுவதில் மிகுந்த கவனம் தேவை. சான்று இல்லாமல் அந்தச் சொல்லைப் பொட்டலத்தில் போடாதீர்கள். அதற்குப் பதிலாக உங்களுக்குத் தெரிந்த உண்மையை எழுதுங்கள்: எந்த ஊர், எந்த ரகம், என்ன உரமிட்டார்கள், எப்போது அரைத்தது. வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை தருவது அந்த விவரம்தான்.

பணத்தைப் பிரித்து வையுங்கள்

விவசாயிக்குத் தர வேண்டிய தொகையை அன்றன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, விற்றாலும் விற்காவிட்டாலும் அன்று பணம் போய்ச் சேரட்டும். வாடிக்கையாளருக்குக் கடன் கொடுப்பதென்றால் உங்கள் லாபத்திலிருந்து கொடுங்கள். விவசாயியின் பணத்திலிருந்து கொடுக்காதீர்கள்.

ஐந்தாறு பொருள்களோடு தொடங்கி ஒரு முழு ஆண்டு நடத்திப் பாருங்கள். அடுத்த விதைப்புக்கு முன், “இந்தத் தடவை உங்களுக்கு எவ்வளவு போடட்டும்?” என்று அந்தக் குடும்பங்களே கேட்டால், கடையைப் பெரிதாக்கும் யோசனைக்கு அதுதான் சரியான நேரம்.